துவக்குச் சட்டமும் கையொப்பமிட்ட கடிதமும்

1996ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்னும் பழைய சிறைக்கூட வளாகத்தில் தனியொருவன் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளால் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டோருள் நனெற் மிகாக் என்னும் தாயும், ஆறு வயதான மூத்த மகளும், மூன்று வயதான இளைய மகளும் அடங்குவர். ஒரே நாளில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த வோல்ரர் மிகாக், துயரின் நடுவே பிரதமர் ஜோன் ஹவார்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழிக்குப் பழி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இத்தகைய ஆயுதம் இனி எவர் கைக்கும் எட்டாதபடி சட்டம் செய்வதற்கு வேண்டிய துணிவைப் பிரதமருக்கு ஊட்டவே அக்கடிதத்தை எழுதினார்.

ஹவார்ட் அப்போது பதவியேற்று ஏழு வாரங்களே ஆகியிருந்தன. துணிவு அவருக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. ஏனெனில் மறுபக்கத்திலும் கடிதங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. கிராமப்புறத் தொகுதிகளின் தேசியக் கட்சி உறுப்பினர்களுடைய அலுவலகங்களுக்குத் துப்பாக்கி உரிமையாளர்கள் எழுதினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், கூட்டங்களுக்கு நேரில் வந்து ஏசினார்கள். மெல்பேர்ண் வீதிகளில் அவர்கள் பல்லாயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றார்கள். ஜூன் 16ஆம் திகதி விக்ரோறியாவின் சேல் நகரில் அவர்கள் முன் பேசச் சென்ற பிரதமர், மேலங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து நின்றமையை இந்நாடு இன்றும் மறக்கவில்லை. சொந்த நாட்டு விவசாயிகள் முன் ஒரு பிரதமர் கவசம் அணிந்து நிற்பது அவுஸ்திரேலியர்களுக்குப் புதுமை. இலங்கையில் அரசியல்வாதிகளின் பாதுகாப்பு வாகனங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தப் புதுமையே புதுமையாக இருந்தது.

இக்கட்டுரை துப்பாக்கிகளைப் பற்றியது என்பதிலும் பார்க்க, துப்பாக்கிகளைப் பற்றி எழுதப்படும் கடிதங்களைப் பற்றியது. பரமட்டாவிலும் வென்ற்வேர்த்வில்லிலும் ஹோம்புஷிலும் வாழும் எம்மவர்கள், "துவக்கு வைத்திருப்பது வெள்ளைக்காரக் கமக்காரனின் பிரச்சினை; எங்களுக்கு ஏன்?" என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு 1996க்குப் பின்னர் நடந்தவற்றையும், அதற்கு முன்னர் நடந்தவற்றையும் கொண்டே பதில் கூறவேண்டும்.

முதலில் முன்னர் நடந்தது. 1987 ஓகஸ்டில் மெல்பேர்ணின் ஹொடில் வீதியில் ஏழு பேரும், அதே ஆண்டு டிசம்பரில் அந்நகரின் குயின் வீதியில் எட்டுப் பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முதலமைச்சராக இருந்த பரி அன்ஸ்வேர்த் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்க முனைந்தார். மாநிலங்களின் தலைவர்கள் கூடிய கூட்டத்தில் ஏனைய மாநிலங்கள் இணங்காதபோது, தஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடந்தாற்றான் இந்த நாடு திருந்தும் என்ற கருத்துப்பட அவர் சலித்துக் கூறியது, எட்டாண்டுகளின் பின் சொல்லுக்குச் சொல் பலித்தது. ஆனால் அவருக்கு உடனடியாகக் கிடைத்தது தோல்வியே. 1988 மார்ச் தேர்தலில் துப்பாக்கி உரிமையாளர்கள் தொகுதி தொகுதியாக அவருக்கு எதிராக வேலை செய்தார்கள். அவருடைய அரசு வீழ்ந்தமைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அரசியல்வாதிகள் அத்தேர்தலிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே: துவக்கைத் தொட்டால் நாற்காலி போகும். அடுத்து வந்த அரசு அத்திட்டங்களைக் கைவிட்டது.

1991 ஓகஸ்ட் 17ஆம் திகதி ஸ்ரத்பீல்ட் கடைத்தொகுதியில் ஏழு பேர் கொல்லப்பட்டபோது, அப்பகுதியில் எம்மவர்கள் குடியேறத் தொடங்கியிருந்தனர். பரமட்டாவுக்கும் நகருக்கும் இடையே புகையிரதம் மாறும் இடம் அது. வேலை முடிந்து திரும்பும் தமிழ்ப் பெண்கள் மரக்கறி வாங்கும் இடம். "துவக்கு எங்கள் பிரச்சினையல்ல" என்பவர்களுக்கு அந்த இடமே ஒரு பதில்.

மாநிலங்களின் கையில் இருந்த சட்டம்

போர்ட் ஆர்தர் நடந்து 12 நாட்களில், 1996 மே 10ஆம் திகதி, மத்திய அரசினதும் மாநிலங்களினதும் பொலிஸ் துறை அமைச்சர்கள் கூடித் தேசிய சுடுகலன் உடன்படிக்கைக்கு இணங்கினர். இதன் அருமையை உணர இந்நாட்டின் அமைப்பை அறியவேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பு கன்பராவுக்கு நேரடியாக வழங்கவில்லை. அது மாநிலங்களின் அதிகாரம். கன்பராவின் கையில் உள்ளது இறக்குமதி. இணங்காவிட்டால் மக்கள் தீர்ப்புக்குச் செல்வேன் என ஹவார்ட் எச்சரித்ததனாலேயே எல்லா மாநிலங்களும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தன. நியூ சவுத் வேல்ஸிலும் விக்ரோறியாவிலும் அவ்வாண்டிலேயே புதிய சுடுகலன் சட்டங்கள் நிறைவேறின. அரசு 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அப்பணத்துக்காக மெடிகெயர் வரி ஓராண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்து வரி கட்டிய எம்மவர்களின் பணமும் அந்த உலோகத்தை வாங்கியிருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, துப்பாக்கி வைத்திருப்பது பொதுமக்களின் பாதுகாப்புக்கு உட்பட்ட ஒரு சலுகை என்கிறது. உரிமை என்று கூறவில்லை. விண்ணப்பிப்பவர் தக்க காரணம் காட்டவேண்டும்: பயிர்ச்செய்கை, இலக்குச் சுடும் விளையாட்டு, வேட்டை முதலியன. தற்பாதுகாப்பு என்பது காரணமாக ஏற்கப்படமாட்டாது. இதனை எதிர்ப்போர் 1689ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைப் பட்டயத்தை எடுத்துக்காட்டுவதுண்டு. அப்பட்டயம் ஆயுதம் வைத்திருக்க அனுமதித்தது புரட்டஸ்தாந்து சமயத்தவருக்கு மட்டுமே. அதுவும் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கே. சைவர்களாகிய நாமும் எமது கத்தோலிக்கச் சகோதரர்களும் அவ்வுரிமைக்குள் அடங்கோம் என்பதை நகைச்சுவைக்காகவேனும் குறிப்பிடலாம்.

சலுகை என்றால் அதைக் கூட்டவும் குறைக்கவும் பாராளுமன்றத்தால் முடியும். ஆகவேதான் கடிதம் முக்கியமாகிறது. நீதிமன்றத்தில் கிடைக்காததைத் துப்பாக்கி உரிமையாளர்கள் உறுப்பினர்களின் மேசையில் தேடினார்கள். இதில் குற்றமேதுமில்லை, சனநாயகம் அவ்வாறே இயங்கவேண்டும். வானொலி ஒலிபரப்பாளரான ஜோன் ரிங்கிள் 1992இல் தொடக்கிய துப்பாக்கியாளர் கட்சி, 1995இல் மூன்று சதவீதத்துக்கும் குறைவான முதல் விருப்பு வாக்குகளோடு மாநில மேற்சபையில் ஓர் ஆசனத்தைப் பெற்றது. 42 பேர் கொண்ட சபையில் ஒருவர்தான். ஆயினும் அரசுக்குப் பெரும்பான்மை இல்லாத இடத்தில் ஒருவரின் கை எவ்வளவு கனமானது என்பதை இலங்கைப் பாராளுமன்ற வரலாறு படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

துவக்குக் கோபமும் அகதி விசாவும்

1998 ஜூனில் குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் போலின் ஹான்சனின் ஒரே தேசம் கட்சி 11 ஆசனங்களைக் கைப்பற்றியது. அக்கட்சியின் எழுச்சிக்கு வேலையின்மை, ஆசியக் குடியேற்றத்தின் மீதான வெறுப்பு, பழைய கட்சிகளின் மீதான சலிப்பு எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. துவக்கைப் பறிகொடுத்த கிராமத்தவரின் கோபமும் அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பார் இல்லை. தேசியக் கட்சிக்குப் பரம்பரையாக வாக்களித்தவர்கள் அந்தக் கோபத்தோடுதான் கட்சி மாறினார்கள். அவ்வாறு வளர்ந்த கட்சி, அகதிகளுக்கு நிரந்தர வதிவுரிமை கொடுக்கக்கூடாது, தற்காலிகமாக வைத்திருந்து திருப்பி அனுப்பவேண்டும் என்ற யோசனையையும் தன் கொள்கையில் வைத்திருந்தது. அதனை முதலில் கண்டித்த அரசே, 1999 ஒக்டோபரில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்த விசாவின் மூன்றாண்டுகளை எண்ணி எண்ணிக் கழித்தவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களிடையேயும் உள்ளனர். மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாமல், நாட்டை விட்டு வெளியே சென்றால் திரும்ப முடியாமல் வாழ்ந்த காலம் அது. துவக்குச் சட்டம் ஒரு விதையாகவும் அகதி விசா அதன் கனியாகவும் நேரே முளைத்தன என்று நான் கூறவில்லை. ஆனால் எங்கோ ஒரு கால்நடைப் பண்ணையில் எழுந்த கோபம் வாக்குப் பெட்டி வழியாக வந்து பரமட்டாவில் வாடகை வீட்டில் இருந்த ஒருவரின் கதவைத் தட்டியது என்பதில் ஐயமில்லை. அந்தப் பண்ணையாளர் தம் உறுப்பினருக்கு எழுதினார். வாடகை வீட்டுக்காரர் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'பெட்டிசம்' என்ற சொல்லுக்கு நல்ல பெயரில்லை. கச்சேரி வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் மரநிழலில் இருந்து மனு எழுதிக் கொடுத்தவர்கள் மதிப்புக்குரியவர்களே. ஆனால் ஊருக்குள் 'பெட்டிசக்காரன்' என்றால் அயலவனைப் பற்றி மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போடுபவன் என்றே பொருள். பின்னர் வந்த காலம் இன்னும் கொடியது. பெயர் எழுதப்பட்ட எந்தத் தாளும் யாரோ ஒருவரின் கையில் பட்டியலாக மாறிய காலம் அது. இராணுவம் ஒருபுறமும் இயக்கங்கள் மறுபுறமும் கையொப்பத்தைத் தேடிய நாட்களில் வாழ்ந்தவர்கள், தாமாக முன்வந்து பெயரும் முகவரியும் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பத் தயங்குவதைக் கோழைத்தனம் என்பவர் எங்கள் வரலாற்றை அறியாதவர்.

படகில் வந்து இணைப்பு விசாவில் இருப்போருக்கு வேறோர் அச்சமும் உண்டு. 2013 டிசம்பரில் அவர்களுக்கென்று ஒரு நடத்தைக் கோவை கொண்டுவரப்பட்டது. அதில் ஒப்பமிடாமல் விசா பெற முடியாத நிலை இருந்தது. சட்டத்தை மீறக்கூடாது, பிறரைத் தொந்தரவு செய்யக்கூடாது, சமூகத்துக்கு இடையூறாக நடக்கக்கூடாது என்பன அதன் வாசகங்கள். "எம்.பி.க்குக் கடிதம் எழுதினால் அதுவும் இடையூறாகிவிடுமா?" என்று கேட்போர் உண்டு. இல்லை. மரியாதையாக எழுதப்பட்ட ஒரு கடிதம் எந்தக் கோவையையும் மீறுவதில்லை. வாக்குரிமை இல்லாதவரும் தாம் வாழும் தொகுதியின் உறுப்பினருக்கு எழுதலாம். கன்பராவின் பிரதிநிதிகள் சபைக்குச் செல்லும் மனுவில் இந்நாட்டில் வசிப்போரும் ஒப்பமிடலாம். குடிமக்கள் மட்டுமே என்ற விதி இல்லை.

கடிதங்களின் வலிமைக்கு எமக்கு மிக அண்மையான சான்று பிலோயெலாவே. 2018 மார்ச்சில் விடியற்காலையில் அந்தக் குயின்ஸ்லாந்துச் சிறுநகரிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்க் குடும்பம் 2022 ஜூனில் மீண்டும் அங்கே திரும்பியது. அந்நான்கு ஆண்டுகளும் ஓயாது எழுதியவர்கள் யார்? இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள அந்த ஊரின் சாதாரண மக்கள். மனுக்களில் இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். எங்களுக்காக அவர்கள் எழுதினார்கள். அவர்களைப் பாதிக்கும் சட்டங்கள் பற்றி நாங்கள் என்ன எழுதியிருக்கிறோம் என்று எவரேனும் கேட்டால் சொல்வதற்கு எம்மிடம் அதிகமில்லை.

நாம் மட்டும் சொல்லக்கூடியது

துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதற்கு எம்மிடம் அதிகம் உண்டு. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்று, வன்னியிலும் கிழக்கிலும் வயல்காரர்கள் சன்னத் துவக்கு வைத்திருந்தார்கள். பன்றிக்கும் யானைக்கும் அது வேண்டியிருந்தது. மறைந்திருந்து வைத்த கட்டுத்துவக்குகளும் உண்டு. ஆகவே விவசாயிக்குத் துவக்கு ஏன் என்று இந்நாட்டுப் பண்ணையாளரைப் பார்த்து நாம் கேலி செய்யத் தேவையில்லை. நரி ஆட்டுக்குட்டியைக் கொல்வதும் பன்றி நெல்லை உழுவதும் ஒன்றே. ஆனால் போர் தொடங்கியபோது நடந்தது என்ன? துவக்கு உள்ள வீடுகளே முதலில் தேடி வரப்பட்டன. வடக்கில் இயக்கங்கள் அவற்றை எடுத்துச் சென்றன. தெற்கில் 1988, 1989ஆம் ஆண்டுகளில் ஜே.வி.பி.யினர் அவ்வாறே செய்தனர். அரசு தன் பங்குக்கு ஊர்காவற் படைகளுக்குத் துவக்குகளைக் கொடுத்தது. எல்லைக் கிராமங்களில் அதன் விளைவை நாம் அறிவோம். வீட்டுத் துவக்கு வீட்டைக் காக்கும் என்ற வாதத்துக்கு, ஏட்டிலிருந்தல்லாமல் வாழ்விலிருந்து மறுமொழி கூறத்தக்கவர்கள் இந்நாட்டில் மிகச் சிலர். அவர்களுள் பலர் பரமட்டாத் தொகுதியில் வாழ்கிறார்கள். எந்த உறுப்பினரும் அச்சிட்ட மாதிரிக் கடிதங்களை எண்ணிக்கையாக மட்டுமே பார்ப்பார். இப்படி ஒரு கடிதத்தை வாசிப்பார்.

துப்பாக்கி உரிமையாளர்களின் வாதத்தில் நியாயமான பகுதியையும் சொல்லவேண்டும். 2015 ஒக்டோபர் 2ஆம் திகதி, பரமட்டாவின் சாள்ஸ் வீதியில் பொலிஸ் தலைமையகத்துக்கு வெளியே, அங்கு கணக்குப் பகுதியில் பணியாற்றிய கேர்ட்டிஸ் செங் என்பவரை 15 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்தக் கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தோடு வாங்கப்பட்டதல்ல. சட்டத்துக்குக் கட்டுப்படுவோரை இறுக்குவதால் இது தடுக்கப்பட்டிருக்குமா என்று அவர்கள் கேட்டார்கள். 2016இல் அவுஸ்திரேலியக் குற்றப் புலனாய்வு ஆணைக்குழு, நாட்டில் குறைந்தது 2 இலட்சத்து 60 ஆயிரம் சட்டவிரோதத் துப்பாக்கிகள் உள்ளன என மதிப்பிட்டது. இவற்றுள் பெருந்தொகையானவை ஒருகாலத்தில் சட்டப்படி இருந்தவை: 1996இல் ஒப்படைக்கப்படாதவை, அல்லது பண்ணை வீட்டு அலுமாரிகளிலிருந்து களவு போனவை. 2017இல் மூன்று மாதப் பொதுமன்னிப்புக் காலத்தில் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. எனவே பூட்டும் பெட்டகமும் எண்ணிக்கையும் பற்றிய விதிகள் நேர்மையான உரிமையாளரைத் தண்டிப்பதற்கல்ல, அவருடைய துவக்கு வேறொருவரின் கைக்குப் போகாமல் இருப்பதற்கே என்பது என் கருத்து. மாறாக எண்ணும் தமிழர் இருந்தால், இலக்குச் சுடும் கழகத்தில் அங்கம் வகிப்போர் இருந்தால், அவர்களும் எழுதவேண்டும்.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15ஆம் திகதி கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைக் குடித்த படுகொலையின் பின், சட்டமூலத்தை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்குச் சில நாட்களுக்குள் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துமூலக் கருத்துகள் வந்தன. ஆதரித்தும் எதிர்த்தும் எழுதினார்கள். ஏப்ரல் 10ஆம் திகதி 119 வாக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது.

இங்கும் அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. 2025 டிசம்பர் 14ஆம் திகதி பொண்டைக் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் கொல்லப்பட்டனர். தாக்கிய இருவரில் மூத்தவர் அனுமதிப்பத்திரத்தோடு ஆறு துப்பாக்கிகள் வைத்திருந்தார். அம்மாதத்திலேயே கூட்டப்பட்ட மாநிலப் பாராளுமன்றம், ஒருவர் பொதுவாக நான்கு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது, விவசாயிகள் முதலியோருக்குப் பத்து வரை என்று வரையறுத்தது. படுகொலைக்கு மறுநாள் கூடிய தேசிய அமைச்சரவை ஆராய ஒப்புக்கொண்டவற்றுள், அனுமதிப்பத்திரம் பெற அவுஸ்திரேலியக் குடியுரிமையை நிபந்தனையாக்குவதும் ஒன்று. துவக்கை ஒருபோதும் தொட விரும்பாதவர்களும் இதனைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். எண்ணிக்கை வரம்பை முழுமனத்தோடு வரவேற்கும் எனக்கு, குடியுரிமை நிபந்தனை ஆபத்தைத் துவக்கிலிருந்து ஆளின் பிறப்பிடத்துக்கு நகர்த்துவதாகவே தோன்றுகிறது. போர்ட் ஆர்தரில் சுட்டவன் இந்நாட்டிலேயே பிறந்தவன். இதைப் பற்றி ஓர் அகதியை விடத் தெளிவாக எவரால் எழுத முடியும்?

எழுதுவோர் கவனிக்கவேண்டிய சிறு விடயம் ஒன்றுண்டு. பரமட்டா என்ற பெயரில் மத்திய பாராளுமன்றத்துக்கு ஒரு தொகுதியும் மாநிலப் பாராளுமன்றத்துக்கு இன்னொரு தொகுதியும் உள்ளன. எல்லைகளும் வேறு, உறுப்பினர்களும் வேறு. அனுமதிப்பத்திரம், எண்ணிக்கை, பெட்டகம், பதிவு ஆகியன மாநில உறுப்பினருக்கு உரியவை. இறக்குமதி கன்பராவுக்கு உரியது. தவறான உறுப்பினருக்குச் சென்ற கடிதம் "இது எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்ற இரு வரிப் பதிலோடு திரும்பும். மெல்பேர்ண் வாசகர்களுக்கும் இதே பாகுபாடுதான். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். ஒரு பக்கம் போதும். ஒரு விடயம் போதும். பிள்ளைகள் திருத்திக் கொடுக்கலாம், ஆனால் அனுபவத்தைத் திருத்த விடாதீர்கள். பெயரும் முகவரியும் அவசியம். தொகுதியில் வசிப்பவர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. மொட்டைக் கடிதம் இங்கு குப்பைக் கூடைக்கே போகும்.

பலர் சேர்ந்து மனுவாக அனுப்ப விரும்பினால், பிரதிநிதிகள் சபைக்கான மனு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், அல்லது உறுதிப்படுத்தப்பட்ட மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருக்கவேண்டும். மனுக்கள் குழு அதனைச் சபையில் சமர்ப்பித்து உரிய அமைச்சருக்கு அனுப்பினால், 90 நாட்களுக்குள் அமைச்சர் பதில் தருவது எதிர்பார்க்கப்படுகிறது. அப்பதிலும் பகிரங்கமாக வெளியிடப்படும்.